கிராணி மாமாவின் முன் சீட்டு

என் அத்தை புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் இரண்டுக்கு மேல் போக முடியாது. வேட்டி எப்போதும் வெள்ளையாக இருக்கும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் ஜம்பம்.

குருபோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. வீடு மலாக்கா டவுனுக்குள், காஜா பெராங்கில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. எங்கள் அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆம்பிளை என்று எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்க வேண்டியவர் இந்த மாமாதான். நின்றார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சும்மா நிற்க மாட்டார். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, மோவாயைத் தூக்கி, "என்னை நம்பலையா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்காத நாளே கிடையாது. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அத்தை சொன்னால், "வராதுன்னு சொன்னேன்ல? என்னை நம்பலையா?" சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வரும்போது அத்தை வாசலில் துண்டோடு நின்றால் அதுவும் அவருக்கு அவமானம். துண்டை வாங்காமல் ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்பார். அம்மா ஒரு முறை, கொடுத்த கடிதத்தைப் பெட்டியில் போட்டாச்சா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். மூன்று வாரம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நாலாவது வாரம் வந்தார், ஏனென்றால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி.

உலகத்தில் மனிதர்கள் எடுக்கும் முன்ஜாக்கிரதை எல்லாம் தன்னைச் சிறுமைப்படுத்தத்தான் என்று அந்த மனுஷன் மனசார நம்பினார். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

என் அக்காவுக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான், அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் வேலைக்குப் போன பிறகு அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன், நாங்கள் சாப்பிட்டோம். பேச்சு குறைவு. பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும், வலிப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு நாள் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று மாமா ஏணி வைத்து ஏறினார். அடியில் ஈரமண். அக்கா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமா மேலேயிருந்து குனிந்து பார்த்தார்.

"கையை எடு."

"வழுக்குது மாமா."

"எத்தனை ஏணி ஏறியிருக்கேன்? என்னை நம்பலையா?"

அக்கா கையை எடுத்துவிட்டு இரண்டு எட்டு தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமா மேல்படியில் கால் வைத்தார், ஏணி ஒரு பக்கமாகப் போனது, மாமா மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் கிடந்தார். "ஏணி கோணல்" என்று சொன்னார். அக்கா முழங்கைக்கு அயோடின் தடவிவிட்டாள். கொஞ்சம் அதிகமாகவே தடவினாள் என்பது என் எண்ணம்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து தோட்டத்துத் துரை ஊருக்குக் கிளம்பினார். போகும்போது தன் சாம்பல் நிறக் காரை மாமாவுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். இருபது வருஷம் அந்தத் துரைக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து நின்ற மனுஷன், ஒரே நாளில் நிமிர்ந்துவிட்டார். துரை விட்டுப்போன தொப்பியையும் போட்டுக்கொண்டார். தொப்பி ஒரு சுற்றுப் பெரிது. காதுவரைக்கும் இறங்கியது.

அந்தக் காரில் ஒரு அதிசயம் இருந்தது. முன் சீட்டு இரண்டிலும் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பெல்ட். அந்தக் காலத்தில் மலாக்காவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. துரையின் தம்பி சீமையில் கார் விபத்தில் செத்துப்போனாராம். அதற்குப் பிறகு துரை அந்த வாரைச் சீமையிலிருந்து வரவழைத்து மாட்டிக்கொண்டார். அதை மாட்டாமல் அவர் ஒரு நாளும் காரைக் கிளப்பியதில்லை என்று மாமாவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

"துரைக்கு எப்பவும் பயம்லா. இப்ப வெள்ளைக்காரன் போய்ட்டான். நாடு நம்ம கைக்கு வந்திருச்சு. இன்னும் என்னத்துக்குக் கட்டிக்கிட்டு உக்காரணும்?"

காருக்கு மாரியம்மன் கோயில் வாசலில் பூசை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. மாமா கிளப்பினார், மூன்று நசுங்கியது, ஒன்று உருண்டு ஓடிவிட்டது. விடுவாரா? அதை நசுக்குகிறேன் பேர்வழி என்று பின்னால் எடுத்து, தேங்காய் உடைக்கிற கல்லில் இடித்தார். பின்பக்கத் தகரம் உள்ளே போனது. பூசாரி இன்னொரு பழம் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த பெல்ட்டை அவர் கழற்றி எறிந்துவிடவில்லை. அதுதான் அவருடைய அற்பத்தனத்தின் அழகு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் கொக்கியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். வீட்டுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். "பாத்தீங்களா, ஏரோப்ளேன்ல இருக்கற மாதிரி. மலாக்காவுலேயே என் காடியில மட்டும்தான்." காட்டலாம், தொட்டுப் பார்க்கலாம். மாட்டிக்கொள்ளக் கூடாது. மாட்டிக்கொண்டால் அவர் முகம் கறுத்துவிடும். நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லையா என்று ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் சனங்களும் அதற்கு ஏற்றவர்கள்தான். பெரியவர் ஒருவர் நம்மை ஏற்றிக்கொண்டு போகிறார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவது, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர், நன்றாகப் படித்தவர், ஆசையாக மாட்டிப் பார்த்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் "சும்மா பார்த்தேன்" என்று கழற்றிவிட்டார். மரியாதை தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த முன் சீட்டில் கட்டாமல்தான் உட்கார்ந்தார்கள்.

மாமா தன் கையாலேயே அந்த பெல்ட்டை மாட்டிவிட்ட ஒரே பயணி ஒரு ரேடியோ. டவுனில் புது ரேடியோ வாங்கி, அட்டைப்பெட்டியோடு முன் சீட்டில் வைத்து, பெல்ட்டை இறுக்கி மாட்டி, ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். அத்தை பின் சீட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், ரேடியோ உங்களை நம்பவில்லையா என்று அக்கா கேட்டாள். "அது கண்ணாடிச் சாமான். உடைஞ்சு போகும்" என்றார் மாமா. தான் என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவரை வாயடைக்க வைத்தவர் ஒருவர் உண்டு. மலாக்காச் செட்டிகளின் பழைய குடியிருப்பான கம்போங் செட்டியில் இருந்த ஒரு பீபீ, அவர்கள் வழக்கில் பெரியம்மா. எங்களைப் போலவே கோயிலுக்கு வருவார், விபூதி பூசுவார், பேசுவது மட்டும் மலாய். வயதானவர், கபாயாச் சட்டையில் கம்பீரமாக இருப்பார். தெங்கேராவில் மகள் வீட்டுக்குப் போக ஒரு நாள் மாமா காரில் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்தார், பெல்ட்டை எடுத்தார், மாட்டினார். மாமா வழக்கமான கேள்வியை மலாயில் கேட்டார். பீபீ வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "லு, குவா பெர்ச்சாயா. லெம்பு, குவா தா பெர்ச்சாயா" என்றார். உன்னை நம்புகிறேன், மாட்டைத்தான் நம்பவில்லை என்று அர்த்தம். அந்த நாளில் தெங்கேரா ரோட்டில் மாடுகள் படுத்துத்தான் கிடக்கும். மாமா கியரைப் போட்டு ஓட்டினார். அதற்குப் பிறகு அந்த அம்மாளை அவர் ஏற்றவில்லை. பீபீ டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார், நிம்மதியாகப் போனார்.

அக்கா அந்தக் காரில் ஏறியதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போவாள், சைக்கிளில் வருவாள். கட்டினால் கோபித்துக்கொள்வார், கட்டாமல் நான் உட்கார மாட்டேன், எதற்கு வம்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது தம்பின் என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ரயில் ஸ்டேஷனில் வேலை. அக்கா தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கு என்ன அவசரம் என்று ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லாத பெண் என்று இன்னொன்று. மூன்றாவதும் போய்விட்டால் என் கதி என்ன என்று நான் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்த காலம். இந்த இடத்தைப் பார்த்துச் சொன்னவர் மாமா. மாப்பிள்ளை வீடு பார்த்துப் பேசி முடிக்கப் போக வேண்டியவரும் மாமா. அவரோடு அம்மா, அத்தை, அக்கா. தட்டு வரிசை எல்லாம் பின் சீட்டில் அம்மாவோடும் அத்தையோடும். அதனால் அக்கா முன் சீட்டில். எனக்காகத்தான் அவள் அந்தக் காரில் ஏறச் சம்மதித்தாள்.

அம்மாவும் அத்தையும் உள்ளே சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவுக்குக் கைக்குட்டை கொடுக்க வாசலுக்குப் போனேன். அக்கா ஏற்கனவே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியிருந்தாள். மாமா இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். இறங்கி வந்து அக்கா பக்கத்துக் கதவருகே நின்றார்.

"எத்தனை பேரை ஏத்திருக்கேன். ஒருத்தர் மேல ஒரு கீறல் உண்டா? என்னை நம்பலையா?"

"நம்பறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மாமா. வார்டுல முகம் கிழிஞ்சு வந்து படுத்திருக்கறவங்க எல்லாரும் யாரையோ நம்பித்தான் முன்னால உக்காந்தாங்க."

"அப்ப பஸ்ஸுல போங்க. சம்பந்தம் பேசறதுக்கும் நம்பிக்கையான ஆளாப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுக் காரின் மூக்குப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருக்கிறது, ராகு காலத்துக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறது, இந்த மனுஷன் ஒரு முழ வாருக்காகத் தெருவில் நின்று ரோசப்படுகிறார். காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், ஜன்னலில் குனிந்து அக்காவிடம் சொன்னேன்.

"கழட்டிடுக்கா. ஒரு நாள்தானே. எனக்காக."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு நோயாளி வேண்டாததைக் கேட்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு கொக்கியை அழுத்தினாள், பெல்ட் இரண்டாகப் பிரிந்து சரிந்தது.

"போ, அம்மாவை வரச் சொல்லு. நேரமாச்சு."

மாமா திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். கார் தெருமுனையில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அலோர் காஜாவுக்கு முன்னால் ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று டயர் வெடித்து நடுரோட்டில் நின்றிருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். மிதித்தது போதவில்லை. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீரிங் இருந்தது, நெஞ்சில் ஊமைக்காயத்தோடு தப்பித்தார். அம்மாவும் அத்தையும் முன் சீட்டின் முதுகில் மோதித் தட்டுகளோடு கீழே உருண்டார்கள். அக்கா முன் கண்ணாடியைத் தலையால் உடைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே கிடந்தாள்.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. எந்த ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு ஓடிக்கொண்டிருந்தாளோ அதே ஆஸ்பத்திரியில் நாலு மாசம் படுத்திருந்தாள். இருபத்தாறு வயது. ஊசி போட நரம்பு தேடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று கூட வேலை செய்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள்.

அக்காவுக்கு நினைவு வந்த இரண்டாம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷம் அவர் முன்னால் குரலை உயர்த்தாதவள்.

"அவ கட்டாம உக்காரவே மாட்டாளே! நீங்கதானே கழட்ட வெச்சீங்க? சொல்லுங்க, நீங்கதானே?"

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார், உன் சின்ன மகளைக் கேள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"என் காடி. என் காடியில நான் சொல்றதுதான்" என்றார்.

அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். தெருவே தூற்றியது. அத்தைகூட ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது உளறினார். பெல்ட் போட்டிருந்தால் காரோடு சேர்ந்து நசுங்கியிருப்பாள் என்று காப்பிக்கடையில் யாரிடமோ சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இந்த ஆள் கேவலமானவர்தான், மாறவில்லை என்று நிம்மதி.

தம்பின்காரர்கள் விபத்தைக் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பாவம் பார்க்கிற நல்ல சனம். என் கல்யாணம் அந்த வராந்தாவிலேயே பேசி முடிந்தது. அக்காவைக் கடைசிவரை நாங்கள் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று என் வீட்டுக்காரர் தானாகவே சொன்னார். நான் எதைக் கேட்டு அக்காவைக் கழற்றச் சொன்னேனோ, அது எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது.

பின்னாளில் பெல்ட் போட வேண்டும் என்று நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அப்போது மாமாவுக்கு நல்ல வயது, அத்தையும் போய்விட்டிருந்தாள். ஒரு கருமாதிக்கு அவரை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் சாவியைப் போடுவதற்குள் மாமா பெல்ட்டை இழுத்து மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "போலீஸ் புடிப்பான் மாப்ள" என்றார். என் அக்காவின் கண்ணுக்குப் பயப்படாத மனுஷன் போலீஸ்காரன் ரசீதுப் புத்தகத்துக்குப் பயந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு வெறுப்பாக ஒரு கிழவனின் பிடரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்த வராந்தாவில் அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. என் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரா? அல்லது தன் காரில் இன்னொருத்தி சொல்லி ஒரு காரியம் நடந்தது என்று ஒப்புக்கொள்வதுகூட அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டதா? வெறும் திமிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். திமிர் என்றால் அவரை ஏசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். வேறெதுவாகவாவது இருந்தால் நான் யாரை ஏசுவது?

மாமா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அக்கா அடுக்களையில் பலகையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை பழகிவிட்டது, பார்வை வேண்டியதில்லை. அந்த நாள் காலையைப் பற்றித் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று அவள் எப்போதும் சொல்வாள். அடிபட்டவர்களுக்கு அப்படி ஆகும் என்று டாக்டர்களும் சொல்லியிருந்தார்கள். நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஏன்டி, மாமா சொன்னதுக்கா நான் கழட்டினேன்?"

நான் அடுப்பின் முன்னால் நின்றிருந்தேன்.

"அவர் சொன்னதை நான் எப்பவாவது கேட்டிருக்கேனா? எவ்வளவோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், கணக்கு ஒத்து வரமாட்டேங்குது" என்றாள். பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் நிழலாகவாவது தெரிகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"அவர்தான்க்கா சொன்னார். நான் வாசல்லதானே நின்னேன், என் காதாலேயே கேட்டேன்" என்றேன். அவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. இருபது வருஷம் உயிரோடு இருந்தபோதே சொல்லவில்லை.